பென்டிரைவில் காணாமல்போன ஜிபி: எது திரும்பி வரும், எது வராது

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் ஜெராக்ஸ் கடை, கல்யாண ஸ்டூடியோ, மைக்செட் எல்லாமே பென்டிரைவை நம்பித்தான் ஓடுகின்றன. ஒருநாள் 64 ஜிபி பென்டிரைவைச் செருகினால் 32 என்று காட்டும். 16 ஜிபி பென்டிரைவில் சில எம்பிதான் தெரியும். இப்படி வந்தவற்றைச் சரிசெய்து, அதன்பிறகும் வருடக்கணக்கில் புழங்கிப் பார்த்ததில் தேறிய முறைகள் இவை.

32 ஜிபி பென்டிரைவ் 29.8 என்று காட்டுவது குறையே இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார், விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. அதனால் 64 என்பது 59.6 ஆகும்.

அதற்கும் கீழே போனால், முதலில் விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பென்டிரைவ் வரிசையின் இடது ஓரக் கட்டத்தில் உள்ள மொத்த அளவைப் பாருங்கள். எல்லாத் தீர்ப்பும் அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. மொத்தம் சரியாக இருந்து, பக்கத்தில் கறுப்புப் பட்டையோடு 'அன்அலொகேட்டட்' என்று இருந்தால் இடம் எங்கும் போகவில்லை, பார்ட்டிஷன் (ஃபைல் வைக்க ஒதுக்கிய பகுதி) மட்டும் சுருங்கியிருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டால் செய்ய மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலில் பென்டிரைவ் தயாரித்திருந்தால் 32 ஜிபி பார்ட்டிஷன்தான் உருவாகும். லினக்ஸின் இன்ஸ்டால் ஃபைலான ஐஎஸ்ஓவை எழுதினாலும் இப்படி ஆகும். இடது கட்டத்திலேயே மொத்தம் குறைந்து, 64 ஜிபிக்குப் பதில் 8 எம்பி என்று இருந்தால் கோளாறு பென்டிரைவை இயக்கும் உள்சிப்பான கன்ட்ரோலரில். அந்தக் கோளாறுக்கு, அடுத்துச் சொல்லும் டிஸ்க்பார்ட் முறை பயன்படாது.

பார்ட்டிஷன் பிரச்சினைக்கு விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் போதும். காசு கேட்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம். வேண்டிய ஃபைல்களை முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் டிஸ்க். அளவை வைத்துப் பென்டிரைவின் எண்ணை அடையாளம் காணுங்கள். பெரும்பாலும் 0 என்பது கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க். செலக்ட் டிஸ்க் 1 என்று (உங்கள் எண்ணைப் போட்டு) கொடுத்ததும் மறுபடி லிஸ்ட் டிஸ்க் அடித்து, நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்த பிறகே கிளீன் கொடுக்க வேண்டும். பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கும் கிளீன் கட்டளை ஒருதரம்கூட 'நிச்சயமா' என்று கேட்காது. இந்த ஒரு படியில் அவசரப்பட்டவர்கள் கடைக் கணக்கையே இழந்திருக்கிறார்கள். அடுத்து கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி, ஃபார்மேட், அசைன்.

ஃபார்மேட்டில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் வரும். எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கும் முறை) போட்டால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறும். ஆனால் மார்கழி விடிகாலையில் திருப்பாவை போடும் மைக்செட்டின் ஆம்ப்ளிஃபயர், வேனில் உள்ள பழைய பிளேயர் போன்றவை பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டுமே படிக்கும். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவது பல சமயம் இதனால்தான். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் தரும்: பூட் வேண்டாம் என்று தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் வகை எம்பிஆர், ஃபைல் சிஸ்டம் ஃபேட்32. பாட்டுக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பென்டிரைவ் வைத்துக்கொள்வதே நிம்மதி.

மொத்த அளவு சரி, பார்ட்டிஷனும் சரி, காலியிடம் மட்டும் இல்லையா? எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய துண்டுகள் எந்த ஃபைலுக்கும் சேராமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். கமாண்ட் பிராம்ப்ட்டில் செக்டிஸ்க், பென்டிரைவின் டிரைவ் எழுத்து, ஸ்லாஷ் எஃப் போட்டால் அவை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் வந்து விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அதிகம். லினக்ஸில் அழித்தவை பென்டிரைவிலேயே ட்ராஷ்-1000 என்ற மறைவான ஃபோல்டரில் கிடக்கும். கன்ட்ரோல் எச் அழுத்தினால் தெரியும், அழித்துவிடலாம்.

கிளீன் வெற்றி என்று சொல்லியும், பிடுங்கிச் செருகினால் பழைய ஃபைல்கள் அப்படியே திரும்பி வந்தால், அந்த பென்டிரைவ் எழுதுவதை ஏற்க மறுக்கிறது. உள்ளே ஃபைல்களைத் தேக்கும் ஃபிளாஷ் சிப் தேய்ந்துவிட்ட அறிகுறி. ரீட்-ஒன்லி நீக்கும் கட்டளைகளால் இது மீண்டதில்லை. காப்பி எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு 1 டிபி என்று வருபவை வேறு ரகம். அளவைப் பொய்யாகச் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். உண்மை அளவு தாண்டியதும் புதிய ஃபைல்கள் கெடும், அல்லது பழையவற்றின் மேலேயே எழுதப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற விண்டோஸ் மென்பொருள் காலி பென்டிரைவை முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும். நொடிக்கு 8 எம்பி எழுதும் 64 ஜிபிக்கு எழுதவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் பேட்டரி உள்ள லேப்டாப்பில் ஓட்டுங்கள். லினக்ஸில் எஃப்3புரோப் என்ற கட்டளை உண்மை அளவைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். அது சொல்லும் கடைசி செக்டார் எண்ணை எஃப்3ஃபிக்ஸுக்குக் கொடுத்தால் அந்த அளவுக்கே பார்ட்டிஷன் போட்டுவிடும். அதன்பின் ஃபார்மேட் செய்தால் பாட்டு ஏற்ற ஆகும். வாடிக்கையாளரின் கல்யாண ஆல்பத்தை மட்டும் அதில் கொடுக்காதீர்கள்.