தாலரா, மார்க்கா?

ஜெர்மன் சிற்றரசுகளின் பழைய வெள்ளிக் காசுகளைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1857 முதல் 1871 வரை அச்சான ஃபெரைன்ஸ்தாலர், அதாவது பல ஜெர்மன் அரசுகள் ஒரே அளவில் வெளியிட்ட தாலர் என்ற வெள்ளிக் காசு. மற்றது, அதன் பிறகு வந்த ஜெர்மன் பேரரசு கால மார்க்.

என் மனம் தாலர் பக்கம்தான். 500 கிராம் தூய வெள்ளிக்கு 30 காசு என்ற கணக்கு அதன் மேலேயே பொறித்திருக்கும். செம்பும் கலந்திருப்பதால் ஒரு காசின் எடை சுமார் 18.5 கிராம். ஹனோவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தாலரைக் கையில் எடுத்தால், 1866இல் பிரஷ்யா விழுங்கிவிட்ட ஒரு நாடே உள்ளங்கையில் இருப்பதுபோல் தோன்றும். அந்த உணர்வுக்காகவே வாங்கலாம்.

2, 3, 5 மார்க் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம்தான் அந்தந்த அரசரின் முகம் அல்லது நகரச் சின்னம். மறுபக்கம் பொதுவான பேரரசுக் கழுகு. ஆனால் புதியவருக்கு இது எளிது. ஏ என்றால் பெர்லின், டி என்றால் மியூனிக் என்று அச்சான இடம் ஓர் எழுத்திலேயே தெரிந்துவிடும். பிரஷ்யாவின் 3 மார்க் தாராளமாகக் கிடைக்கும். அப்புறம், சாக்சனியின் 1917ஆம் ஆண்டு 3 மார்க் வெறும் 100தான் அச்சானது. யாராவது மலிவாக நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள், அது போலியாகத்தான் இருக்கும்.

எதை வாங்கினாலும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், மதிப்பு போய்விடும்.