வீட்டு இன்வெர்ட்டர்: நானே செய்ததும் கடையில் வாங்கியதும்

இரண்டு மின்விசிறி, நான்கு எல்இடி விளக்கு, ஒரு மேசைக் கணினி என ஏறத்தாழ 300 வாட் சுமைக்கு, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கி முதலில் நானே ஓர் இன்வெர்ட்டர் செய்தேன். இப்போது அந்த இடத்தில் கடையில் வாங்கிய 900 விஏ (வோல்ட்-ஆம்பியர்) சைன் வேவ் இன்வெர்ட்டர், அதாவது மின்வாரிய மின்சாரம் போலவே வளைந்து ஏறி இறங்கும் அலையைத் தருவது, இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டையும் பயன்படுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் செய்தது எளிய சுற்றுதான். சிடி 4047 ஐ.சி. 50 ஹெர்ட்ஸ் துடிப்பைத் தர, சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளுக்கும் மாறி மாறி மின்னோட்டம் விடும். முதல் விளக்கு எரிந்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அதிலிருந்து வருவது ஸ்கொயர் வேவ், அதாவது வளைவில்லாமல் சட்டென்று மேலும் கீழும் மாறும் சதுர அலை. மின்வாரியம் தரும் 230 வோல்ட் அலையின் உச்சம் 325 வோல்ட். சதுர அலையில் உச்சமும் அந்த 230தான். மொபைல் சார்ஜர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. மின்விசிறியோ ஓயாமல் உறுமியது; கெப்பாசிட்டர் வைத்த அதன் ரெகுலேட்டர் தொட்டால் சுட்டது. பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 10.8 வோல்ட்டுக்கு இறங்கினால் வெளிவரும் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் 200க்குக் கீழே போய்விடும். அதைச் சரிசெய்ய அந்தச் சுற்றில் வழியில்லை.

12 வோல்ட்டில் 300 வாட் எடுத்தால் 25 ஆம்பியர், இழப்பையும் சேர்த்தால் 30 ஆம்பியருக்கு மேல் ஓடும் என்பதைக் கணக்கிட்டிருந்தும், வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியையே பேட்டரிக்குப் போட்டேன். அரை மணி நேரத்தில் அதன் மேலுறை இளகிவிட்டது. கம்பியை மாற்ற முடிந்தது. பேட்டரியைக் காப்பாற்ற முடியவில்லை. 10.5 வோல்ட்டில் தானாக நிறுத்தும் ஏற்பாட்டைப் பிறகு சேர்க்கலாம் என்று விட்டிருந்ததால், இரவு முழுக்க மின்சாரம் இல்லாத ஒரு நாளில் அது அடிவரை வடிந்து, பிறகு பழைய வலுவைப் பெறவேயில்லை. இன்வெர்ட்டரைவிட விலை கூடிய பொருள் பேட்டரி என்பதால், உதிரி பாகங்களில் மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கே போயிற்று.

வாங்கிய இன்வெர்ட்டரில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. பேட்டரி வடிந்தால் தானாக நின்றுவிடுகிறது. பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைத்தால், மின்சாரம் போகும்போது கணினி அணைந்து மீண்டும் தொடங்குவதில்லை. ஆனால் அந்த நிலையில், வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்கு மாறிவிடும். மாலை நேரத்தில் வோல்டேஜ் குறைகிற தெருவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், மின்தடை வரும்போது பேட்டரியில் பாதிதான் இருக்கும். மேலும் 900 விஏ என்பது 900 வாட் அல்ல என்பதைக் கடைக்காரர் எனக்குச் சொல்லவில்லை. 700 வாட்டைச் சுற்றித்தான் அது தாங்கும்.

வீட்டுச் சுமைக்கு வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. குறிப்பாக, சொந்தமாகச் செய்ததன் வெளியீட்டைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீட்டுக்கே மின்சாரம் விடுவதை யாரும் செய்ய வேண்டாம். அது தெருக் கம்பிக்குப் போய், அங்கே வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் பறிக்கலாம்.

இணைய ரூட்டருக்கு மட்டும் நானே செய்த ஒரு சிறு பேட்டரிப் பெட்டியை வைத்திருக்கிறேன். ரூட்டர் 12 வோல்ட் டிசியில் (நேர்மின்னோட்டத்தில்) ஓடுவது. 12ஐ 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 12 ஆக்குவது வீண். மூன்று லித்தியம் செல்கள், அவற்றுக்கான பாதுகாப்புப் பலகை, 12 வோல்ட்டை நிலையாகத் தரும் ஒரு சிறு மாட்யூல், ஒரு ஃபியூஸ் ஆகியவற்றைச் சிறு பெட்டியில் அடக்கி ரூட்டருக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன்.