ஒரே பெயரில் இரண்டு புத்தகங்கள்: கார்ட்வெய்னர் ஸ்மித்தின் 'தி ரீடிஸ்கவரி ஆஃப் மேன்'

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உள்ளடக்கப் பக்கம். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் கார்ட்வெய்னர் ஸ்மித்தின் சிறுகதைகள் இந்தப் பெயரில் இரண்டு தொகுப்புகளாக இருக்கின்றன. ஒன்று 1993-இல் நெஸ்ஃபா பிரஸ் கொண்டுவந்த தடித்த கெட்டி அட்டைப் பதிப்பு. ஸ்மித்தின் அறிவியல் புனைகதைகள், குட்டியும் நெடியதுமாக 33, அதில் இருக்கின்றன. மற்றது கோலன்ஸ் பதிப்பகத்தின் 'எஸ்எஃப் மாஸ்டர்வொர்க்ஸ்' வரிசையில் வந்த பேப்பர்பேக். அதில் 12 கதைகள்தான். அந்தப் பன்னிரண்டும் 1975-இல் 'தி பெஸ்ட் ஆஃப் கார்ட்வெய்னர் ஸ்மித்' என்று வெளியான தொகுப்பில் உள்ள அதே கதைகள். பழைய புத்தகம் கையில் இருந்தால், பெயர் மாறியிருக்கிறதே என்று ஏமாந்து பேப்பர்பேக்கை இன்னொரு முறை வாங்க வேண்டாம்.

எது போதும்? முதல்முறை படிப்பவருக்குப் பன்னிரண்டு தாராளமாகப் போதும். முழுத் தொகுப்பால் கிடைக்கும் உண்மையான லாபம் என்று மூன்று கதைகளைச் சொல்லலாம்: 'ஆன் தி ஸ்டார்ம் பிளானட்', 'திங்க் ப்ளூ, கவுண்ட் டூ', 'டிரங்க்போட்'. மிச்சத்தில் கணிசமான பகுதி, ஆசிரியரிடம் ஏற்கெனவே மயங்கிவிட்டவர்களுக்கானது. 'மார்க் எல்ஃப்' சுமார். 'ஃப்ரம் கஸ்டிபிள்ஸ் பிளானட்' ஒரே நகைச்சுவையை இழுத்துக்கொண்டு போகிறது. 'டவுன் டு எ சன்லெஸ் சீ' அவர் இறந்த பிறகு மனைவி ஜெனிவீவ் எழுதியது. பெயர்களும் கோள்களும் அதே உலகத்தவை, குரல் மட்டும் வேறு.

ஸ்மித் என்பது புனைபெயர். ஆள் பால் லைன்பார்கர் (1913–1966), அமெரிக்கர், ஆசிய அரசியல் பேராசிரியர். சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்தான் இவருக்கு ஞானத்தந்தை. 1948-இல் உளவியல் போர்முறை பற்றி ஒரு பாடநூலும் எழுதியிருக்கிறார். பின்னட்டைத் தகவலாக இதைப் படித்துவிட்டு மறந்துவிடலாகாது. 'மதர் ஹிட்டன்ஸ் லிட்டுல் கிட்டன்ஸ்' (1961) கதையைப் பாருங்கள். நார்ஸ்ட்ரிலியா என்ற கோளில் நோயுற்ற ராட்சத ஆடுகளிடமிருந்து, ஆயுளை நீட்டும் ஸ்ட்ரூன் என்ற மருந்து கிடைக்கிறது. அதைத் திருட ஒருவன் கிளம்புகிறான். கோளுக்குக் காவல் எது என்று தேடுகிறான். தேடினால் கிடைப்பது கதைத் தலைப்பில் உள்ள பெயர்; அந்தப் பெயரே தூண்டில். எழுத்துப் பிழையோடு ('லிட்டில்' என்பதை 'லிட்டுல்' என்று) வைத்திருப்பதும் அதற்காகத்தான். யார் அதைப் பற்றி விசாரித்தாலும் நார்ஸ்ட்ரிலியாவுக்குச் சேதி போய்விடும். எதிரியின் ஆவலையே ஆயுதமாக்கும் இந்த உத்தி, உளவியல் போர்முறையை உள்ளிருந்து பார்த்தவருக்குத்தான் தோன்றும். காவல் காப்பவை எவை என்பதைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கதைகளின் வரிசை. இரண்டு பதிப்பும் கதைகளை எழுதிய காலப்படி அடுக்கவில்லை. கதைகள் பெரும்பாலும் ஒரே கற்பனை வருங்காலத்தில் நடப்பவை; அந்த வரலாற்றின் காலப்படி அடுக்கியிருக்கின்றன. கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் இதுதான் புதிய வாசகரைத் தடுக்கி விழவைக்கிறது, அதிலும் முழுத் தொகுப்பில். தொடக்கத்தில் நிற்பவை பலவீனமான கதைகள். 'ஸ்கேனர்ஸ் லிவ் இன் வெய்ன்' வருவதற்குள் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஸ்மித் இந்த வரலாற்றை நேர்கோட்டில் எழுதியவர் அல்லர். கீழ்மக்களின், அதாவது விலங்குகளிலிருந்து மனித உருவில் செய்யப்பட்டு எந்த உரிமையும் இல்லாமல் உழைக்கும் அண்டர்பீப்பிளின், விடுதலைக்கு வித்திட்ட நிகழ்ச்சியைச் சொல்வது 'தி டெட் லேடி ஆஃப் கிளவுன் டவுன்'. அது வந்தது 1964-இல். அதன் விளைவுகள் நடக்கும் 'தி பாலட் ஆஃப் லாஸ்ட் சி'மெல்' இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1962-இல், வந்துவிட்டது. அன்றைய வாசகர்கள் விளைவைப் படித்த பிறகே காரணத்துக்குப் போனார்கள். அந்தப் போக்கில் படித்தால் 'டெட் லேடி'யில் வரும் நாய்ப்பெண் டி'ஜோனின் முடிவு நெஞ்சில் இறங்கும் ஆழமே வேறு.

ஆகவே இப்படிப் படிக்கலாம். முதலில் 'தி கேம் ஆஃப் ராட் அண்ட் டிராகன்' (1955). சின்னக் கதை, ஒரே மூச்சில் முடியும். விண்மீன்களுக்கு இடையில் கப்பல்களைத் தாக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. மனிதர்களுக்கு அது டிராகனாகத் தெரிகிறது. மனிதனின் அனிச்சை வேகம் போதாது. அதனால் பூனைகளோடு மனத்தால் இணைந்து, ஒளிக்குண்டு வீசிச் சண்டை போடுகிறார்கள். பூனைகளுக்கு அதே எதிரி எலி. தலைப்பின் முழுப் பொருளும் இவ்வளவுதான். கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

அடுத்தது 'ஸ்கேனர்ஸ்'. 1945-இல் எழுதி, பத்திரிகைகள் திருப்பி அனுப்பி, கடைசியில் 1950-இல் 'ஃபேன்டஸி புக்' என்ற சிறு பத்திரிகையில் வந்த கதை. முதல் வரியிலேயே ஒருவன் கோபப்படுகிறான். அந்தக் கோபத்தைத் தன் ரத்தத்தில் சரிசெய்துகொள்ளவும் இல்லை. என்ன சரிசெய்வது, எப்படி? பதில் உடனே வராது. விண்வெளியில் மனிதனைக் கொல்லும் ஒரு வலி உண்டு. அதைத் தாங்க, கண்ணைத் தவிர மற்ற எல்லாப் புலன்களிலிருந்தும் மூளையைத் துண்டித்துக்கொண்டவர்கள் ஸ்கேனர்கள். தொடுவுணர்வு கிடையாது, காது கேட்காது. இதயம் ஓடுகிறதா என்பதை நெஞ்சில் பதித்த கருவிப் பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சை உதட்டசைவில் படிப்பார்கள், பதிலைப் பலகையில் நகத்தால் எழுதுவார்கள். 'கிராஞ்ச்' என்ற சொல் வரும்போது அகராதியைத் தேட வேண்டாம், அங்கே அது இல்லை. முதல் வரியில் கோபப்பட்ட மார்ட்டெல் கம்பியைச் சுற்றிக்கொண்டு சிறிது நேரம் மனிதனாகத் திரும்பும் காட்சியில் அது தானாகப் புரிந்துவிடும். இந்தத் தொகுப்பு முழுவதற்கும் படிக்கும் முறை இதுவே: தெரியாத சொல்லை அப்படியே விட்டு நகருங்கள், இரண்டு மூன்று பக்கங்களில் கதையே அவிழ்த்துக் கொடுத்துவிடும். அவிழ்க்காமல் விட்டால், அது அலங்காரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு 'மதர் ஹிட்டன்', அதன் பின் 'எ பிளானட் நேம்ட் ஷேயால்' (1961). இரவில் சாப்பிட்ட கையோடு படிக்க உகந்ததல்ல. தண்டனைக் கைதிகளின் உடலில் கூடுதல் உறுப்புகள் முளைக்கின்றன; காளையிலிருந்து உருவான காவலாளி பி'டிக்கட் அவற்றை மருத்துவத் தேவைக்காக வெட்டி எடுக்கிறான். பயங்கரத்தைவிட உறுத்துவது அவன் அன்பானவன் என்பது. ஊசி போடுகிறான், கொடுக்கும் மருந்தின் சுகம் பொய்யில்லை, கைதிகளும் அவனை நேசிக்கிறார்கள். ஸ்மித் எழுதியவற்றில் மிகக் கச்சிதமான கதை இது.

அதன்பின் 'ஆல்ஃபா ரால்ஃபா புலவார்ட்', 'சி'மெல்', கடைசியாக 'டெட் லேடி'. இந்த மூன்றில்தான் அவருடைய கதைசொல்லும் தந்திரம் முழுமையாகத் தெரியும். பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து நடப்பதை அவர் வருங்காலமாகச் சொல்வதே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பழங்கதையை இன்னொரு முறை பாடுகிறவரின் தொனியில் சொல்கிறார்: 'முடிவு உங்களுக்குத் தெரியும், ஓவியங்களில் பார்த்திருப்பீர்கள், உண்மையில் நடந்ததைக் கேளுங்கள்' என்கிற தோரணை. அந்த ஓவியம் எதையும் நாம் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பிவிடுகிறோம். தொலைதூர எதிர்காலத்தை எழுதுகிற பலர் இயந்திரங்களை விளக்கி விளக்கியே தோற்றுப்போகும் இடத்தில் இவர் ஜெயிப்பது இதனால்தான்.

பெயர்களிலும் ஒரு விளையாட்டு உண்டு. கீழ்மக்களின் பெயரில் முதல் எழுத்து விலங்கைக் காட்டும்: சி என்றால் பூனை, டி (D) என்றால் நாய், பி என்றால் காளை, எல்லாம் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. மனிதகுலத்தை ஆளும் பிரபுக்களின் பெயர்கள் பல மொழிகளில் ஒளிந்திருக்கின்றன. ஸ்டோ ஓடின் ரஷ்ய மொழியில் 101. ஃபெம்டியோசெக்ஸ் ஸ்வீடிஷில் 56. திகா-பெலாஸ் மலாயில் 13. மலேசியத் தமிழர்கள் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். கீழ்மக்களுக்கு உதவும் ஜெஸ்டகாஸ்ட் பிரபுவின் பெயருக்கு ரஷ்ய மொழியில் 'கொடுமை' என்று பொருள்.

குறைகளும் உண்டு. 'தி கிரைம் அண்ட் தி குளோரி ஆஃப் கமாண்டர் சுஸ்டால்' கதையில் பெண்கள் அழிந்து ஆண்கள் மட்டும் மிஞ்சிய ஒரு சமூகம் வருகிறது. அதை வெறும் அருவருப்பாகவே வரைந்திருக்கிறார், இன்று படிக்கக் கூசும். பெண் பாத்திரங்கள் பல கதைகளில் காதலுக்காகவே பிறந்தவர்கள்போல நடமாடுகிறார்கள். பூனைப்பெண் சி'மெல்லும் இதற்கு முழு விலக்கல்ல. கடைசிக் காலக் கதைகளில் கிறித்தவக் குறியீடு கதையை அமுக்குகிறது. காஷர் ஓ'நீல் வரும் கோள் கதைகளில் 'ஸ்டார்ம் பிளானட்' மட்டும் தப்பித்தது. அதற்கு ஆமைப்பெண் டி'ரூத் (T'ruth) காரணம்.

அறிவியல் துல்லியம் தேடுகிறவர்களுக்கு 'தி லேடி ஹூ செய்ல்ட் தி சோல்' (1960) ஒன்றுதான் தேறும். ஒளியின் அழுத்தத்தில் ஓடும் பாய்மரக் கப்பல் அதில் வருகிறது. பூமியின் தொலைவில் ஒரு சதுர கிலோமீட்டர் கண்ணாடிப் பரப்பின் மீது சூரிய ஒளி தரும் உந்துதல் சுமார் 9 நியூட்டன்தான், ஒரு கிலோ எடையைத் தூக்கக்கூடக் காணாது. பாய் பிரம்மாண்டமாக இருக்க வேண்டியதும் பயணம் பல பத்தாண்டுகள் இழுப்பதும் அதனால்தான். ஜப்பானின் இக்காரோஸ் விண்கலம் 2010-இல் 14 மீட்டர் பக்கமுள்ள பாயை விரித்து, ஒளியால் ஓட முடியும் என்று காட்டியது. மற்ற கதைகளில் இயற்பியல் கேட்காதீர்கள். ஒன்றில் ஒன்பது கோடி மைல் நீளத்தில் கப்பல் வருகிறது, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

அவருடைய ஒரே அறிவியல் புனைவு நாவலான 'நார்ஸ்ட்ரிலியா' இரண்டு பதிப்பிலும் இல்லை. தனியாக வாங்க வேண்டும். 1964-இலும் 1968-இலும் இரு பாதிகளாக வெவ்வேறு பெயர்களில் வந்து, 1975-இல்தான் ஒரே புத்தகமானது. பழைய பிரதி வாங்கும்போது பாதியா முழுசா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சி'மெல் அதிலும் வருகிறாள் என்பதால், தொகுப்பை முடித்த பிறகு எடுப்பது நல்லது.