மேடு ஏறும்போது மட்டும் இழுவை குறைந்த டீசல் கார்: காரணம் கண்டறிந்த அனுபவம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு அடிக்கடி சென்று வரும் டர்போ டீசல் கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். சமவெளியில் எந்தக் குறையும் சொல்ல முடியாத அந்த வண்டி, மலைப்பாதையில் மட்டும் இழுவை குறைந்து திணறத் தொடங்கியது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் வேகம் கூடாது. பின்னால் கரும்புகை எழும். சில வளைவுகள் தாண்டியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்து, எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளுக்கு மேல் போக மறுக்கும். ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால் சிறிது தூரத்துக்கு இழுவை திரும்பும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தரும் காற்றழுத்தம் போதவில்லை என்று வண்டியின் கணினி உணரும்போது, எஞ்சினைக் காப்பதற்காக டீசல் அளவைக் குறைத்துவிடும் ஏற்பாடுதான் இது.

உயரம் கூடினால் காற்று மெலியும், அதனால் வண்டி அப்படித்தான் இழுக்கும் என்று பலர் சமாதானம் சொன்னார்கள். சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மையே. ஆனால் அந்தக் குறைவைப் பெருமளவு ஈடுகட்டுவது டர்போவின் வேலை. மேலும் என் வண்டி திணறியது உதகையில் அல்ல. கல்லாறு தாண்டிய உடனே, பர்லியாறுக்குக் கீழேயே திணறியது. ஆகவே உயரத்தைக் காரணமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எளிய சோதனைகளை முடித்தேன். சுற்றுகள் ஏறியும் வேகம் ஏறாமல், கருகிய வாடை வந்தால் அது கிளட்ச் வழுக்குவதன் அடையாளம். என் வண்டியில் சுற்றுகளே ஏறவில்லை. பிரேக் பிடித்தபடி சக்கரம் எதுவும் சூடாகவில்லை. ஏர் ஃபில்டரும் சுத்தமாக இருந்தது. ஒரு பட்டறையில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள், பலன் இல்லை. அடுத்து, டர்போவையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகைக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். பட்டறையில் வண்டியை நிறுத்தி வைத்துச் சொன்ன அந்த முடிவை நான் ஏற்கவில்லை. சுமை ஏறும்போது மட்டும் வெளிப்படும் கோளாறைச் சுமையோடு ஓட்டித்தான் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேறொரு மெக்கானிக், வண்டிக் கணினியின் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திக்கொண்டு என்னுடன் மலையேற இசைந்தார். பதிவாகியிருந்த பிழைக் குறி பி0299, அதாவது டர்போ அழுத்தம் குறைவு. எஞ்சின் ஓடாதபோது உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றுக்கு இணையாக, 100 கிலோபாஸ்கலை ஒட்டியே காட்டியது. ஆகவே அதை அளக்கும் சென்சாரைப் பெரிதாகச் சந்தேகிக்க இடமில்லை. முழு மிதியில் மேடு ஏறும்போது கணினி 210 கிலோபாஸ்கலை ஒட்டிக் கேட்க, கிடைத்ததோ 140 மட்டுமே. கரும்புகையோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் தெளிவாகிறது: காற்றின் அளவை அளக்கும் சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ காற்று கசிகிறது. அளந்த காற்றுக்கு ஏற்ப டீசல் தெளிக்கப்படுகிறது, ஆனால் அந்தக் காற்று முழுவதும் எஞ்சினுக்குள் போய்ச் சேர்வதில்லை.

டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு அருகே மட்டும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. குழாயைக் கழற்றிக் கையால் வளைத்தபோதுதான் வெடிப்பு வாய் திறந்தது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அழுத்தம் குறைவு என்பதால் வெடிப்பு மூடியே இருக்கும். மேட்டில் அழுத்தம் ஏறும்போது பிளந்துகொள்ளும். எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை நாள்பட ரப்பரை இளக்கிவிடுவதால் இது நேர்கிறது. புதிய ஹோஸும் கிளாம்பும் போட்ட பின், அதே மேட்டில் அழுத்தம் கேட்ட அளவை எட்டியது; புகையும் நின்றது. டர்போவைத் தொடவே தேவைப்படவில்லை.

ஓராண்டுக்குப் பின் அதே மலைப்பாதையில் மீண்டும் இழுவை குறைந்தது. இம்முறை புகையே இல்லை. காற்று குறைந்தால் கரும்புகை வரும். டீசல் குறைந்தால் புகையின்றியே வண்டி சோர்ந்துபோகும். இந்த வேறுபாட்டை மனதில் கொண்டு டீசல் அழுத்தத்தைப் பார்த்தோம். ஐடிலில் அது இயல்பாக இருந்தது. மேட்டில் கணினி 1200 பார் கேட்க, 800க்குச் சரிந்தது. டீசல் ஃபில்டரைக் கழற்றியபோது அடியில் தண்ணீரும் கறுத்த கசடும் தேங்கியிருந்தன. ஃபில்டரை மாற்றி, கைப்பம்பால் காற்றை வெளியேற்றியதும் சரியாயிற்று. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம்: எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்த டீசல் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று யாரும் கைவைத்துப் பார்க்கக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது அது.

இப்போது ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் இன்டர்கூலர் ஹோஸ்களைக் கையால் வளைத்துப் பார்க்கச் சொல்கிறேன். டீசல் ஃபில்டரைக் கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றுகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுகள் 1500க்குக் கீழே இறங்கினால் டர்போ விழித்தெழச் சிறிது தாமதம் ஆவது இன்னும் உண்டு. அது கோளாறு அல்ல, இவ்வகை எஞ்சினின் இயல்பு. வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கிவிட்டால் அதுவும் தெரிவதில்லை.