ஒரு கடுக்காயும் மூன்று வாசல்களும்: காரைக்குடியில் ஆராய்ச்சிக்கு எங்கே சேர்வது?

என் தங்கை மகள் வேதியியலில் முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். பொங்கலுக்கு ஊர் வீட்டில் கூடியிருந்தபோது, முகப்பில் பூச்சு உதிர்ந்து, உள்ளே இருந்த இரும்பு விட்டம் துருவேறித் தெரிந்த இடத்தைக் காட்டியபடியே, "அம்மான், பல்கலைக்கழகத்துல சேர்ந்தா எல்லாத் துறையும் பக்கத்துலயே இருக்கும். சிக்ரியில சேர்ந்தா ஒரே துறைதான். எனக்கு அறிவியலும் வேணும், மருத்துவமும் வேணும், இந்த வீட்டோட கதையும் வேணும். எங்க சேரலாம்?" என்று கேட்டாள். பல்கலைக்கழகம் என்று அவள் சொன்னது அழகப்பா பல்கலைக்கழகத்தை; சிக்ரி என்றது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை. அன்று, "ஆத்தா, யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. பிறகு யோசித்ததை அவளைப் போன்ற பிறருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஆராய்ச்சியின் அகலத்தை நாம் வழக்கமாகத் துறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கிறோம். அது சரியான அளவுகோல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அதை எத்தனை பக்கம் திருப்பிப் பார்க்க அந்த இடம் நம்மை அனுமதிக்கிறது என்று கேட்பதே நல்ல அளவு. நான் எடுத்துக்கொண்ட பொருள் கடுக்காய். நம் கொத்தனார்கள் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்தார்கள். சித்த வைத்தியர் நெல்லிக்காயோடும் தான்றிக்காயோடும் அதைச் சேர்த்துத் திரிபலா என்றார். தோல் பதனிடுவோருக்கு அது சரக்கு. அன்னபேதி என்னும் இரும்பு உப்போடு சேர்ந்தால் அதுவே எழுதும் கறுப்பு மை. இத்தனைக்கும் அடியில் இருப்பது டானின் என்னும் ஒரே வகைச் சேர்மங்கள்தான். அந்த டானின், இரும்புத் துருவோடு வினைபுரிந்து கறுத்த படலமாக மாறும் என்பதால், துருவை நிலைப்படுத்தும் பூச்சுகளிலும் இடம்பெறுகிறது. கட்டடம், மருந்து, தொழில், ஏடு என்று நான்கு திசைக்கும் போகும் இந்தக் காயை ஏந்திக்கொண்டு மூன்று வாசல்களிலும் ஏறி இறங்கிப் பார்ப்போம்.

முதல் வாசல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊரார் வாயில் சிக்ரி. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த நிறுவனம் இது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத வேளையில், செட்டிநாட்டின் ஓர் ஊருக்கு, மின்வேதியியல் என்ற ஒரே துறைக்கென ஒரு தேசிய ஆய்வகத்தைக் கேட்டு வாங்கிய அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஒரே துறைதானே என்று என் மருமகள் சொன்னது இங்கேதான் ஆராயப்பட வேண்டும். மின்வேதியியல் என்பது, சுருங்கச் சொன்னால், ஓர் உலோகமும் அதைத் தொட்டுநிற்கும் கரைசலும் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் இடத்தைப் பற்றிய படிப்பு. கேட்கக் குறுகலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றை எல்லைக்கோட்டின் மேல் நின்றுகொண்டு எத்தனை தூரம் பார்க்க முடிகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கைப்பேசிக்கும் மின்வண்டிக்கும் உயிர் கொடுக்கும் லித்தியம் அயனி மின்கலம் அதில் அடங்கும். அதன் உருவாக்கத்துக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் காலையில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சிறு கருவியும் அதில் அடங்கும். பட்டையில் உள்ள நொதி இரத்தத்துக் குளுக்கோசை ஆக்சிஜனேற்றும்போது எழும் சிறு மின்னோட்டத்தைத்தான் அந்தக் கருவி எண்ணாக்கிக் காட்டுகிறது. இதயத்துடிப்பைச் சீராக்க மார்புக்குள் வைக்கும் கருவியின் மின்கலமும், எலும்பு முறிவுக்குப் பொருத்தும் உலோகத் தகடு உடல்நீரில் அரிபடாமல் இருக்குமா என்ற கேள்வியும் அதே துறையின் பிள்ளைகள்.

எங்கள் முகப்பில் உதிர்ந்த பூச்சும் அப்படியே. புதிதாகப் பூசிய சுண்ணாம்பு கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துரு அண்டாமல் நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. பூச்சைக் கல்போல் ஆக்குவது அந்த இறுக்கம்தான். ஆனால் அதே இறுக்கம் காரத்தைக் குறைத்து, உள்ளிருக்கும் இரும்பின் காப்பையும் எடுத்துவிடுகிறது. பிறகு ஈரம் புகுந்தால் இரும்பு துருப்பிடிக்கும். துரு தான் பிறந்த இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால் பூச்சு பிளந்து விழும். இதைக் கொத்தனாரின் பிழை என்று திட்டித் தீர்த்தவர்களை நான் அறிவேன். உண்மையில் அது மெதுவாக நடக்கும் ஒரு மின்வேதி நிகழ்வு. இதைப் பல ஆண்டுகள் பொறுத்திருந்து அளக்கும் வசதி சிக்ரி போன்ற இடத்துக்கே உண்டு. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களை வைத்து அரிமானத்தைக் கவனிக்கும் ஆய்வு நிலையம் அவர்களுக்கு இருக்கிறது. மூன்றாண்டு நிதியில் முடிக்க வேண்டிய திட்டங்களால் அத்தகைய பொறுமையைக் காட்ட முடியாது.

அங்கே கடுக்காயை நீட்டினால், டானின் இரும்பின் மேல் என்ன படலம் கட்டுகிறது, எத்தனை நாள் தாங்குகிறது என்று நுணுகிச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மனித உடலில் அது என்ன செய்கிறது என்றோ, எந்த ஏட்டில் எந்தப் பெயரில் வருகிறது என்றோ கேட்டால், அந்தக் கேள்வியை ஏற்கும் மேசை அங்கே இருக்காது.

இரண்டாம் வாசல் அழகப்பா பல்கலைக்கழகம். அழகப்பர் 1947இல் கலைக்கல்லூரியாகத் தொடங்கிய கல்விப் பணி விரிந்து, அவர் மறைந்து 28 ஆண்டுகள் கழித்து, 1985இல் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ், வரலாறு, இயற்பியல், தொழில்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், உயிர்தகவலியல், கல்வியியல், உடற்கல்வி, மேலாண்மை என்று துறைகள் பரந்திருக்கின்றன. தொண்டியில் கடலியல் படிப்புக்கென ஒரு வளாகமும் உண்டு. பரப்பு என்று பார்த்தால் சிக்ரியால் இதற்கு ஈடு கொடுக்க முடியாது. உடல்நலம் சார்ந்த கேள்விகளுக்கு இதுவே உகந்த வாசல். ஒரு மூலிகைச் சாறு உயிருள்ள செல்லில் என்ன செய்கிறது என்று பார்க்க உயிரியல் ஆய்வகம் வேண்டும், நுண்ணுயிர்களை வளர்க்கத் தெரிந்த கைகள் வேண்டும், நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும், கணக்கிட்டுச் சொல்லப் புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும். இவை ஒரே வளாகத்தில் கிடைப்பது சிறிய செய்தி அல்ல.

இங்கே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரு வாசல்களின் உறவும் அதில்தான் எனக்குப் புலப்பட்டது. பாக்டீரியாக்கள் தனித்தனியே மிதப்பதைவிட, ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பசைக்குள் கூட்டாக வாழ்வதை விரும்புகின்றன. இதை உயிரிப்படலம் என்பார்கள். நீர்க்குழாயின் உட்சுவரில் இந்தப் படலம் படிந்தால் குழாய் அரிக்கப்படுகிறது. சிக்ரியில் அது அரிமானத்தின் ஒரு கிளையாக ஆராயப்படுகிறது. அதே வகைப் படலம் மருத்துவமனையில் சிறுநீர் வடிகுழாயின் மேல் படிந்தால் நோயாளிக்குத் தொற்று. பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறையில் அது நோய்க்கிருமிகள் சமிக்ஞைகளால் தமக்குள் பேசிக்கொள்வதன் விளைவாக ஆராயப்படுகிறது. ஒருவர் குழாயைக் காக்கிறார், மற்றவர் உடலைக் காக்கிறார், எதிரி ஒன்றே. இரண்டு ஆய்வகங்களும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் மாணவர் ஒருவர் கிடைத்தால் காரைக்குடிக்கு வெளியே எங்கும் போகாமலே பொறியியலையும் மருத்துவத்தையும் ஒருசேரத் தொட்டுவிடலாம்.

ஆனால் துறைகள் அருகருகே இருப்பதாலேயே அவை பேசிக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது. இந்தப் பாடத்தை நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் கற்றேன். தமிழ்த்துறையில் சித்த மருத்துவ ஏடு ஒன்றைப் பதிப்பித்துக்கொண்டிருந்த மாணவி, ஏட்டில் வந்த ஒரு சரக்கின் பெயர் எந்த உப்பைக் குறிக்கிறது என்று கண்டறிய எங்கள் வேதியியல் ஆய்வகத்துக்கு வந்தார். அரைமணி நேரச் சோதனை அது. இரண்டு துறைத்தலைவர்களின் கையொப்பத்துக்கும், யார் பெயரில் செலவெழுதுவது என்ற கேள்விக்குமாக ஒரு பருவமே கழிந்துவிட்டது. அவர் அந்தச் சொல்லுக்குக் குறிப்பெழுதாமலேயே பதிப்பை முடித்தார். நான் உடனிருந்தும் விரைவுபடுத்த முடியாமல் போனது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. எனவே பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர்கள் எத்தனை துறை இருக்கிறது என்று கேட்பதை விட்டு, தாம் சேரவிருக்கும் வழிகாட்டி கடைசியாக எப்போது வேறு துறையினரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் வாசலை யாரும் வாசல் என்றே நினைப்பதில்லை. அது சேகரிப்பு. அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர், வாழ்நாள் முழுவதும் புத்தகம், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று அச்சில் வந்ததையெல்லாம் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. சுமார் 1 லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பை அடிப்படையாக வைத்து 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. துறை வகுக்காமல் சேர்த்ததால்தான் எல்லாத் துறையினருக்கும் அது பயன்படுகிறது. அந்நூலகத்திலேயே 2007இல் சிந்துவெளி ஆய்வு மையம் தொடங்கியது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்துவெளிக் குறிகளின் தொகுப்பை வைத்து, கணினியியலாரும் இயற்பியலாரும் அவரோடு சேர்ந்து, அக்குறிகளின் வரிசையொழுங்கைக் கணிதமுறையில் ஆராய்ந்து 2009இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் பொறுமையாக அட்டவணையிட்டு வைத்தது, 32 ஆண்டுகளுக்குப் பிறகு வேறு துறையினரின் கணக்குக்குத் தரவாயிற்று.

நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியும் இதையே காட்டுகிறது. அங்கு கிடைத்த பானையோடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நுண்குழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டு 2020இல் வெளியிட்டார்கள். ஓட்டைத் தோண்டியவர் தொல்லியலார். பூச்சைப் படித்தவர் பொருளறிவியலார். ஓடு பத்திரமாக எடுத்து எண்ணிட்டு வைக்கப்படாமல் இருந்திருந்தால் இரண்டாமவருக்கு வேலையே இல்லை.

இந்த வாசலின் குறைகள் வெளிப்படையானவை. பரணில் கிடக்கும் பேரேடு பட்டம் தராது, உதவித்தொகையும் தராது. ஆனால் வேறெங்கும் கிடைக்காத ஒன்றை அது தரும். எங்கள் வீடு கட்டியபோது எழுதிய பேரேட்டின் சில தாள்கள் மிஞ்சியிருக்கின்றன. சுண்ணாம்பு வண்டிகளின் வரவுக்கு அடுத்த வரியில் கடுக்காய் வாங்கியதும் கொத்தனாருக்குக் கொடுத்த கூலியும் இருக்கின்றன. சாந்தில் என்ன கலந்தார்கள் என்று வாய்மொழியாகச் சொல்வதற்கும், வாங்கிய நாளோடு எழுதிவைத்ததற்கும் ஆராய்ச்சியில் பெரிய வேறுபாடு உண்டு. இத்தகைய தாள்களை இன்றும் நம் ஊர்களில் பழைய காகிதமாக எடைக்குப் போடுகிறார்கள். நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடுகளான இசைகுடிமானங்களும் பர்மாவிலிருந்து வந்த கடிதங்களும் அப்படியே போகின்றன. கரையான் தின்றதைவிட நாமே விற்றது அதிகமோ என்று எண்ணும்போது வேதனையாக இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டு வாசல்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றுவிட்டால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். எங்கே சேர்ந்தாலும் தொகை மாறாது. சிக்ரியில் சேர்வோர், அறிவியல் மற்றும் புத்தாக்க ஆராய்ச்சிக் கழகத்தின் வழியே பட்டம் பெறலாம். அந்தப் படிப்பில், ஆய்வோடு கிராமப்புறம் சார்ந்த ஒரு சமூகத் திட்டப்பணியையும் செய்ய வேண்டும். இந்த விதியைப் பலர் சுமையாகக் கருதுகிறார்கள். என் மருமகளைப் போன்றவர்களுக்கு அது நல்வாய்ப்பு என்பேன். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டுக் கல் வார்ப்பவர்களோடு சில வாரங்கள் இருந்து, அக்கற்களை நீரில் ஊறவைப்பது ஏன், சூளையில் சுடாமல் விடுவது ஏன் என்று கற்றுக்கொள்ளலாம்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். மருந்தே முதல் நாட்டம் என்றால் தயங்காமல் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். உயிர்ச்செல்லும் கிருமியும் இல்லாத இடத்தில் உடல்நல ஆய்வு நடக்காது. ஆனால் அவள் கேட்ட கேள்வி துருவேறிய விட்டத்தின் அடியில் நின்று கேட்டது. பொருளும் உலோகமும் சாந்தும்தான் அவளை இழுக்கின்றன. அவளுக்கு நான் சிக்ரியையே சொல்வேன். ஒரு கருவியை ஐயமற ஆளக் கற்றவரை மற்றத் துறையினர் தேடி வருவார்கள். எல்லாவற்றிலும் சிறிது அறிந்து வருபவருக்கு மற்றவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. அகலம் என்பது ஆழமாக ஓரிடத்தில் வேரூன்றியபின் கிளை விடுவது என்றே என் அனுபவம் எனக்குச் சொல்கிறது. உயிரிப்படலமோ டானினின் மருத்துவப் பயனோ குறுக்கிடும்போது பல்கலைக்கழகத்தில் இணை வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொள்ளலாம்; அதைச் சேரும்போதே பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

மூன்றாம் வாசலுக்கு விண்ணப்பம் எதுவும் வேண்டியதில்லை. அந்தப் பேரேட்டுத் தாள்களை நான் வெள்ளைத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவள் வரும்போது ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, எண்ணிட்டு, முகப்பில் உதிர்ந்த பூச்சில் ஒரு துண்டை விழுந்த இடம், நாள் குறித்த சீட்டோடு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். சாந்தில் டானின் இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்பதை, எந்த வாசலில் அவள் சேர்ந்தாலும், அந்தத் துண்டிலிருந்து தொடங்கலாம்.