மறுப்புக் கடிதத்தை ஏஜென்ட் கையில் விட்டுவிடாதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. மகளுக்கு இங்கிலாந்தில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. விசா வேலையை ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியிடம் ஒப்படைத்தோம். போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. எனக்கு இது அப்போது தெரியாது. இருபதாம் நாள் வாக்கில் வெள்ளி வாங்க அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. ஏஜென்டைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். “மூணு நாள்ல திருப்பிப் போட்டுருங்கண்ணா, ஒண்ணும் ஆகாது” என்றார். போட்டுவிட்டேன். விசா மறுக்கப்பட்டது.

அதையும் போனில்தான் சொன்னார். “அப்பீல் போட்டா கண்டிப்பா வந்துருங்க.” லண்டனில் வக்கீல் இருக்கிறார் என்று 75,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். கடிதத்தைக் கேட்டால் வக்கீலிடம் போயிருக்கிறது என்பார். விண்ணப்பத்தில் மகளின் மெயிலுக்குப் பதிலாகத் தன் ஆபீஸ் மெயிலைக் கொடுத்திருந்தார். எங்களுக்கு ஒரு வரிகூட வரவில்லை.

ஆறு வாரம் பார்த்துவிட்டு மகள் நேரில் போய் உட்கார்ந்துவிட்டாள். மதியம் வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். புது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபடி எனக்குப் படித்துக் காட்டினாள். எந்தத் தேதியில் எவ்வளவு குறைந்தது என்று பைசா சுத்தமாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, முடிவு சரியில்லை என்று நினைத்தால் 28 நாளுக்குள் மறுஆய்வு கேட்கலாம் என்றும் இருந்தது. அன்றைக்கு 43ஆவது நாள்.

அப்புறம்தான் எல்லாம் தெரிந்துகொண்டோம். மாணவர் விசா மறுப்புக்குப் பொதுவாக அப்பீல் கிடையாது. ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ’ என்ற மறுஆய்வுதான். அதற்குக் கட்டணம் 80 பவுண்டு, நாமே ஆன்லைனில் போடலாம். அதிகாரி தப்பு செய்தாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். புதிய பேங்க் ஸ்டேட்மென்டைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். எங்கள் கணக்கில் பணம் நிஜமாகவே குறைந்திருந்தது, அதனால் போட்டிருந்தாலும் நிற்காது. உடனே பல்கலைக்கழகத்திடம் புது சி.ஏ.எஸ். (சேர்க்கை உறுதிச் சான்று) வாங்கிப் புதிதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். கடிதம் அன்றைக்கே கையில் கிடைத்திருந்தால் அதற்கு நேரம் இருந்தது. இப்போது சேர்க்கைத் தேதியே முடிந்துவிட்டது. 75,000 போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

இன்னொன்று. விசாவோடு சேர்த்து மருத்துவ சர்சார்ஜ் என்று 1,164 பவுண்டு கட்டியிருந்தோம். விசா கட்டணம் திரும்பாது, ஆனால் மறுத்துவிட்டால் இந்தத் தொகை கட்டிய கார்டுக்கே திரும்ப வந்துவிடும். நான் ரொக்கமாகக் கொடுத்தேன், ஏஜென்ட் தன் கார்டில் கட்டினார். ஒரு லட்சத்துக்கு மேல் வரும் அந்தப் பணத்தைக் கேட்ட நாளிலிருந்து போனை எடுப்பதில்லை. யாராவது இப்படி ரொக்கமாகக் கொடுத்து, விசாவும் மறுக்கப்பட்டிருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள்.

ஜனவரி சேர்க்கைக்கு மகள் தானே விண்ணப்பிக்கிறாள். மெயில் அவளுடையது, கார்டு என்னுடையது. பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு பாஸ்புக்கை அவளிடமே கொடுத்துவிட்டேன். இன்றோடு 17 நாள் ஆகிறது.