ஐம்பது முட்டை இன்குபேட்டரும் வயசான கோழிகளும்

ஆன்லைனில் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் மெஷின்) இது. ஐம்பது முட்டை பிடிக்கும். விடைக்கோழி, அதாவது புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளங்கோழியின் முட்டை வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். என்னைப்போல மூன்று வயது தாண்டிய பெட்டைகளை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

சூட்டில் குறையில்லை. 37.5 டிகிரியில் வைத்தால் அப்படியே நிற்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தும் பார்த்துவிட்டேன். 12 வோல்ட் பேட்டரி இணைப்பு உண்டு. மழைக்காலக் கடலூரில் அது இல்லாமல் முடியாது. விடை முட்டைகளில் முக்கால்வாசி பொரித்தது.

கிழட்டுக் கோழி முட்டையில் பாதிகூடத் தேறவில்லை. விற்றவரைக் கேட்டால், "முட்டைதான் சரியில்லை மேடம்" என்கிறார். பாதி உண்மை. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது நிறைய முட்டை கருவே கூடாமல் வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது. சேவலும் கோழிகளோடு சேர்ந்து கிழடாகிவிட்டதே, மெஷின் என்ன செய்யும்? இளஞ்சேவல் ஒன்றை விட்டதும் கூமுட்டை குறைந்தது. சிலவற்றில் ரத்த வளையம், அதாவது கரு பிடித்துச் செத்தவை. வயசான கோழி முட்டையில் வெள்ளைக்கரு நீர்த்துப் போயிருக்கும், ஒரு வாரம் சேர்த்து வைத்தால் தாங்காது. நான்கைந்து நாளுக்குள் அடுக்கிவிட வேண்டும்.

மீதிப் பாதிக்கு மெஷின்தான் பொறுப்பு. கோழிக்கு வயசாக ஆக முட்டை பெரிதாகும், ஓடு மெலியும். முட்டையைத் திருப்பிவிடும் இதன் உருளைத் தட்டோ சின்ன முட்டைக்கு அளந்து செய்தது. பெரிய முட்டை இடுக்கில் சிக்கி, திரும்பாமல் நிற்கிறது. திரும்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். உரசலில் மயிரிழை விரிசல் வேறு. இப்போது தட்டைக் கழற்றிவிட்டு, முட்டையில் பென்சில் குறி போட்டுக் கையால் திருப்புகிறேன். தானாகத் திருப்பும் என்றுதான் கூடுதல் காசு கொடுத்தேன்!

கூட வந்த தாளில் முதல் நாளே இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். அது எந்த ஊருக்கோ. நம் கடலோரத்தில் ஐப்பசி ஓதத்துக்குத் தண்ணீரே ஊற்றாமல் உள்ளே 50 சதவீதம் ஈரப்பதம் காட்டுகிறது. அதற்கு மேல் போனால் முட்டையின் ஈரம் வற்றாது, முட்டைக்குள் காற்று தங்கும் காற்றறை சிறுத்துக் குஞ்சு உள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். 18 நாளில் முட்டை எடையில் சுமார் 12 சதவீதம் குறைய வேண்டும்; சமையல் தராசு போதும். அப்புறம் கடைசி மூன்று நாளுக்குத் திருப்புவதை நிறுத்தி, இரண்டு வாய்க்காலையும் நிரப்புங்கள். பெரிய முட்டை சற்றுத் தாமதமாகவே பொரியும், 21 ஆம் நாளே சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

அடைக்கோழி கிடைக்கும்போது கிழட்டு முட்டைகளை உமி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் போட்ட கூடையில் அதற்கே வைத்துவிடுகிறேன். மெஷின் விடைகளுக்கு மட்டும்.

ஐந்துக்கு மூன்று. உருளை இடைவெளியை அகலமாக்கித் தந்தால் நாலு.